திரையும் திரைகடலும்

பெரம்பலூருக்குத் தெற்கே, சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியினின்று விலகிச் சற்று உள்ளே, சாத்தனூர் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அணைக்கட்டால் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் வேறு, இது வேறு. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலம் சூழ்ந்த ஊர் இது. கோடையில் ஓடைகள் வறண்டு கிடக்கும். கிணற்று நீர் கீழே இறங்கிவிடும். கீழைக்கடல் இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இத்தகைய ஊரின் புறத்தே, வேலியிட்ட ஓர் இடத்தில், நெடிய மரம் ஒன்று படுத்துக் கிடக்கின்றது. அதன் நீளம் 18 மீட்டர். தொலைவில் நின்று காண்பவர், புயலில் சாய்ந்த மரம் என்றே கருதுவர். அருகிற் சென்று தொட்டவர், அது மரமன்று, கல் என்று அறிந்து வியப்பர்.

மரம் கல்லானது எவ்வாறு? இன்று வறண்டு கிடக்கும் அந்நிலத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. கரையிலே நின்ற மரங்களுள் சில, வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டுக் கடலிற் சேர்ந்தன. நீர் ஊறிக் கனத்து அடியில் அமிழ்ந்தன. அவற்றின்மேல் மணலும் சேறும் படிந்தன. காற்றுப் புகாத அச்சேற்றில் மரம் விரைவில் மட்கவில்லை. மண்ணின் ஊடே கசிந்த நீரில் சிலிக்கா என்னும் பொருள் கரைந்திருந்தது. அந்நீர் மரத்தின் நுண்ணறைகளுள் புகுந்தது. அறை அறையாகச் சிலிக்கா நிரம்பியது. மரப்பொருள் மெல்ல மறைய, அதன் வடிவத்தைக் கல் ஏற்றுக்கொண்டது. இவ்வாறு அமைந்தவற்றைத் தொல்லுயிர்ப் படிவங்கள் என்பர். சாத்தனூர் மரத்தின் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் எனக் கணக்கிட்டுள்ளனர். பூத்துக் காய்க்கும் மரங்கள் உலகெங்கும் பரவுவதற்கு முன்னர்ச் செழித்திருந்த ஊசியிலை மரக் குலத்தைச் சேர்ந்தது அது.

அம்மரத்தின் பெருமையை 1940ஆம் ஆண்டில் கண்டு உலகறியச் செய்தவர், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய தமிழராகிய எம்.எஸ். கிருஷ்ணன் ஆவர். இந்தியாவின் நிலவியல் பற்றி அவர் 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக விளங்கியது. 1851இல் தொடங்கப்பெற்ற அத்துறைக்கு, நூறு ஆண்டுகள் கழிந்தபின், முதல் இந்தியத் தலைவராக அமர்ந்தவரும் அவரே. இன்று அம்மரம் கிடக்கும் இடம் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகின்றது.

சாத்தனூர் அக்கடல் விட்டுச்சென்ற அடையாளங்களுள் ஒன்றே. அதன் கதை பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும், அவற்றை அடுத்த திருச்சிராப்பள்ளிப் பகுதியிலும் அடுக்கடுக்காக எழுதப்பட்டுள்ளது. ஊட்டத்தூரைச் சார்ந்த பாறைகள் மூத்தவை. திருச்சிராப்பள்ளியின் பெயர் தாங்கியவை அவற்றின் பின் தோன்றியவை. அரியலூர்ப் பாறைகள் அவற்றினும் இளையவை. நின்னியூர்ப் பாறைகள் எல்லாவற்றிற்கும் இளையவை. காரை என்னும் ஊரை அடுத்த களிமண் மேடுகளை மழைநீர் அறுத்து, புல்லும் முளையாத பள்ளத்தாக்குகளாக ஆக்கியிருக்கின்றது. அங்கே ஜிப்சம் என்னும் உப்புக்கல் கண்ணாடிச் சில்லுபோல் வெயிலில் மின்னும். எழுதுகோலின் முனை போன்ற நீண்ட கற்கள் காணப்படும். அவை கணவாய் மீனின் உறவாகிய பெலம்னைட் என்னும் உயிரின் உடலகத்து ஓடுகள். ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட் ஓடுகளும் அந்நிலத்தில் கிடைத்துள்ளன. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லிலோ, சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் செறிந்துள்ளன. நின்னியூர்ப் பாறைகளுக்கு வரும்போது அம்மோனைட்டுகள் இல்லை. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர் மறைந்த அதே பேரழிவில் அவையும் உலகினின்று மறைந்தன. ஊருக்கு ஊர் நடந்து செல்லும் ஒருவர், ஓர் ஊழிக்காலம் முடிந்து மற்றொன்று தொடங்குவதைத் தம் காலடியிலே காணலாம்.

இத்தகைய நிலத்தைத் தமிழ்நாட்டு மாணவர் அனைவரும் நேரிற் காண்பது விரும்பத்தக்கதே. ஆயின், அஃது எளிதன்று. நீலகிரியில் பயிலும் மாணவியும், இராமேசுவரத்தில் பயிலும் மாணவனும் சாத்தனூருக்கு வர நெடுந்தொலைவு கடக்கவேண்டும். ஊர்திக்குப் பணம் வேண்டும். உடன்வர ஆசிரியர் வேண்டும். பெற்றோர் இசைவு வேண்டும். அரசுப் பள்ளியில் பயிலும் ஏழை மாணவர்க்கு இவை யாவும் ஒருங்கே அமைதல் அரிது. நடக்க இயலாத மாணவர்க்குக் காரையின் பள்ளங்கள் எட்டாத இடமே. இக்குறையைத் தீர்க்கும் வழியாக இக்காலத்தில் வளர்ந்து வருவதே மெய்நிகர் களப்பயணம். ஓரிடத்தை எல்லாத் திசையும் தெரியுமாறு படம்பிடித்து, வகுப்பறையிலுள்ள திரையில் தோன்றச் செய்கின்றனர். மாணவர் விரலால் தொட்டுத் திருப்பினால், வானமும் தரையும் முன்னும் பின்னும் சுழன்று தோன்றுகின்றன. ஒரு சிப்பியைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்துக் கணிப்பொறியில் இணைத்தால், அதன் முழு உருவமும் திரையிலே திரண்டு நிற்கின்றது.

இம்முறை தோன்றியதற்குப் பிள்ளைகளின் ஆவலே காரணமாயிற்று. 1985ஆம் ஆண்டில் இராபர்ட் பல்லார்டு என்னும் அமெரிக்கக் கடலாய்வாளரும் அவர்தம் துணைவரும் அட்லாண்டிக் கடலின் அடியில், ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில், டைட்டானிக் கப்பலின் சிதைவைக் கண்டனர். அச்செய்தியை அறிந்த பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அவருக்குக் கடிதம் எழுதினர். அடுத்த பயணத்தில் தங்களையும் அழைத்துச் செல்லவேண்டும் என்பதே அவர்களின் வேண்டுகோள். அத்தனை பேரையும் கப்பலில் ஏற்றுதல் இயலுமா? எனவே, பிள்ளைகளைக் கடலுக்கு அழைப்பதற்கு மாறாகக் கடலைப் பிள்ளைகளிடம் கொண்டுவர அவர் எண்ணினார். 1989ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலின் அடியில் இயங்கிய ஜேசன் என்னும் பொறி எடுத்த காட்சிகள், விண்கோளின் வழியாக அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள அருங்காட்சியகங்களை அடைந்தன. அங்கே கூடியிருந்த மாணவர், ஆய்வாளர் காணும் பொழுதிலேயே கடலடியைத் தாமும் கண்டனர்.

தமிழ்நாட்டில் இதன் தேவை 2020ஆம் ஆண்டில் தெளிவாக உணரப்பட்டது. பெருந்தொற்றுக் காரணமாக அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி வாயிலாகப் பாடங்கள் வீடுகளை நாடிச் சென்றன. களப்பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லாத அந்நாளில், வெளியுலகைக் காட்டும் சாளரமாகத் திரை ஒன்றே இருந்தது. தம் ஊரின் எல்லையில் அரிய கற்கள் கிடந்தும், அரியலூர்ச் சிறுவனும் சென்னைச் சிறுவனைப் போலவே வீட்டினுள் அடைந்து கிடந்தான்.

ஊன்றி நோக்கினால், இருந்த இடத்தில் இருந்தபடியே தொலைநிலத்தை ஆராயும் முயற்சி இப்பகுதிக்குப் புதிதன்று என்பது விளங்கும். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த கே, கன்லிப் என்னும் ஆங்கிலேயர் இருவர், திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரி ஆகிய பகுதிகளில் கிடைத்த படிவங்களைத் திரட்டினர். அவை கப்பலேறி இலண்டன் சென்றன. அங்கே எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1846ஆம் ஆண்டில் விரிவான அறிக்கை வெளியிட்டார். அவர் தமிழகத்தைக் கண்டவரல்லர். எனினும், ஐரோப்பியச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் ஓடுகளோடு இவற்றை ஒப்பிட்டு, இவை கிரெட்டேசியசு என்னும் காலத்தைச் சேர்ந்தவை என உணர்ந்தார். மேசையின்முன் அமர்ந்தபடியே கடல் கடந்த நாட்டின் தொல்கடலைக் கண்ட அவர்தம் நுண்ணறிவு போற்றத்தக்கது.

ஆனால், மேசைப் பயணத்தின் குறையும் அவ்வறிக்கையிலே வெளிப்பட்டது. புதுச்சேரியிலிருந்து வந்த கற்களே எல்லாவற்றிலும் பழையன என்று ஃபோர்ப்ஸ் கருதினார். பின்வந்த ஆய்வுகள், அவை அத்துணைப் பழையன அல்ல, காலத்தால் இளையன என்று காட்டின. அறிஞர் பிழைத்தது ஏன்? அவர் முன் இருந்தவை தனித்தனிக் கற்கள். எந்தக் கல் எந்த அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது, அவ்வடுக்கின் மேலும் கீழும் இருந்தவை யாவை என்பவற்றைக் கற்பெட்டி அவருக்குச் சொல்லவில்லை.

அதனைச் சொல்லும்படி நிலத்தையே கேட்டவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த அவர், 1850களின் பிற்பகுதியில், இருபதுகளில் இருந்த இளைஞர். ஊட்டத்தூர் முதல் அரியலூர் வரையில் ஓடைகளின் கரைகளை ஆராய்ந்தும், பாறைகளின் சாய்வை நோக்கியும், எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கு அமர்ந்திருக்கின்றது என்று வரைபடத்திற் குறித்தும் அவர் பணியாற்றினார். பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூவகையாகப் பகுத்தவர் அவரே. அப்பெயர்கள் இன்றும் உலக நிலவியல் நூல்களில் வழங்குகின்றன. இவரே பின்னாளில், 1875இல், இந்திய வானிலைத்துறையின் முதல் தலைவரானார். இலண்டனில் இருந்தவர் கற்களை அறிந்தார். வெயிலில் நடந்தவர் கற்களின் வரிசையை அறிந்தார். இருவர் அறிவும் சேர்ந்தே அக்கடலின் வரலாறு உருப்பெற்றது.

பிளான்ஃபோர்டும் பிறரும் சேர்த்த படிவங்கள் கல்கத்தாவை அடைந்தன. மொராவிய நாட்டிலிருந்து வந்த ஃபெர்டினாண்டு ஸ்டொலிச்கா என்னும் இளம் அறிஞர், அவற்றை ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஆராய்ந்து, படங்களோடு கூடிய பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அப்பணி 1873இல் நிறைவெய்தியது. அடுத்த ஆண்டிலே, நடு ஆசியப் பயணத்தினின்று திரும்பும் வழியில், இலடாக்கு மலைகளிடையே அவர் உயிர் நீத்தார். தென்னாட்டுச் சிப்பிகளுக்கு அவர் தந்த விளக்கத்தை இன்றைய ஆய்வாளரும் எடுத்துப் பார்க்கின்றனர்.

இங்கே ஒரு செய்தி எண்ணத்தக்கது. அரியலூரில் பிறந்த மாணவி ஒருத்தி, தன் ஊர்ப் பெயரால் அறிஞர் போற்றும் மூலப் படிவங்களைக் காண விரும்பினால், எங்கே செல்லவேண்டும்? கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் செல்லவேண்டும். ஊரின் செல்வம் ஊரைவிட்டுச் சென்று ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அச்செல்வத்தின் உருவத்தையேனும் மீட்டுத் தரவல்லது மெய்நிகர் முறை. பிரித்தானிய நிலவியல் ஆய்வு நிறுவனமும் அந்நாட்டு அருங்காட்சியகங்களும் தம்மிடமுள்ள மூலப் படிவங்கள் பலவற்றைச் சுழற்றிக் காணத்தக்க முழு உருவங்களாக்கி, 2013ஆம் ஆண்டில் இணையத்தின் வழியே உலகினர்க்குத் திறந்துவிட்டன. தென்னாட்டுப் படிவங்கள் அனைத்திற்கும் அவ்வாறு செய்தால், கப்பலேறிச் சென்ற கற்கள் ஒளியேறித் திரும்பி வரும்.

கண்ணுக்கு எட்டாத நுண்பொருளைக் காட்டுவதிலும் திரை மேம்பட்டது. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்துள்ளன. அங்கே கிடைத்த சிறு பல் ஒன்று, பறவையை ஒத்த ட்ரூடான் வகை டைனோசரின் பல் என ஆய்வாளர் 2013இல் எழுதினர். அதுவரை அவ்வகை வடபுலத்துக் கண்டங்களில் மட்டுமே வாழ்ந்தது என எண்ணப்பட்டிருந்தது. அப்பல்லைப் பேழைக்குள் வைத்து நாற்பது மாணவர்க்குக் காட்டினால், ஒருவரும் ஒன்றும் காணார். பெரிதாக்கித் திரையிற் காட்டினால், அதன் விளிம்பிலுள்ள அரம்பப் பற்களையும் அனைவரும் காண்பர். அம்மோனைட் ஓட்டினை உடையாமலே ஊடுருவி, அதனுள் வரிசையாய் அமைந்த அறைகளைக் காட்டவும் இக்காலக் கருவிகள் வல்லன.

இவ்வளவு நன்மை செய்யும் திரைக்கு ஒரு குறையும் உண்டு. தமிழில் திரை என்னும் சொல்லுக்கு அலை என்று ஒரு பொருள். மறைப்பது என்று மற்றொரு பொருள். காட்சி தோன்றும் திரை, காட்டும்போதே மறைக்கவும் செய்யும். 2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்று. பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் நீர்நிலையொன்றை ஒட்டி மண் எடுத்தபோது, பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. சிலர் அவற்றைக் கைப்பேசியிற் படம் பிடித்தனர். டைனோசர் முட்டைகள் என்ற செய்தியோடு அப்படங்கள் ஊர் ஊராகப் பரவின. படத்தைக் கண்டவர் பலரும் நம்பினர். நம்பியதில் வியப்பில்லை, வடிவம் முட்டையை ஒத்திருந்தது, அரியலூர்ப் பக்கம் டைனோசர் எலும்புகள் கிடைத்த செய்தியும் பழகியதே.

ஆனால், நிலவியல் அறிந்தோர் அங்கே சென்று ஆராய்ந்தபோது உண்மை வேறாயிற்று. அவை முட்டைகள் அல்ல. கடலடிச் சேற்றில் ஒரு கருவைச் சுற்றி மண் திரண்டு இறுகிய கல்லுருண்டைகள் அவை. உடன் அம்மோனைட் படிவங்களும் காணப்பட்டன. நிலத்தில் முட்டையிடும் உயிரின் கூடு, கடல் உயிரின் ஓடுகளுக்கிடையே அமைதல் எங்ஙனம்? சுற்றியிருந்த கற்களே வழக்கைத் தீர்த்துவைத்தன. படம் பொய் சொல்லவில்லை, இருந்ததையே காட்டியது. ஆனால், உருண்டையின் பக்கத்தில் இருந்தவற்றைக் காட்டவில்லை. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கும் பொறுமை காண்பவர்க்கும் இல்லை. ஃபோர்ப்சைப் பிழைக்கச் செய்த அதே குறை, ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கழித்துக் கைப்பேசியிலும் தோன்றியது எனலாம்.

களம் கற்பிப்பது இக்கேள்வி கேட்கும் பழக்கத்தையே. ஒரு மாணவன் காரையின் பள்ளம் ஒன்றில் இறங்குகின்றான் எனக் கொள்க. வெயில் சுடுகின்றது, களிமண் காலடியில் பொடிகின்றது. பள்ளத்தின் அடியில் ஒரு பெலம்னைட் கிடக்கின்றது. அவன் மகிழ்ந்து குனிகின்றான். அப்போது ஆசிரியர், “இஃது இங்கே பிறந்ததா, வந்து கிடக்கின்றதா?” என்று வினவுகின்றார். மாணவன் நிமிர்ந்து நோக்குகின்றான். இருபுறமும் சரிவு உயர்ந்து நிற்கின்றது. மழை பெய்தால் மேலிருந்து மண்ணும் கல்லும் உருண்டு வரும் அன்றோ? ஆகவே, அக்கல் அடிமட்டத்து அடுக்கைச் சேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. அவன் சரிவில் ஏறுகின்றான். அடுக்கு அடுக்காகத் தேடுகின்றான். முடிவில் ஓரிடத்தில், பாதி மண்ணுள் புதைந்தபடியே இருக்கும் மற்றொன்றைக் காண்கின்றான். கீழே கிடந்த கல்லின் வீடு அதுவாகலாம் என்று அவன் உள்ளம் சொல்கின்றது. அச்சிறு ஏற்றத்தில் அவன் அறிவியலின் பெரும்பகுதியைக் கற்றுவிட்டான்.

இதே பள்ளத்தைத் திரையிற் காணும் மாணவர்க்கு இக்கல்வி கிட்டாதா? கிட்டும். அதற்குத் திரையைக் காட்டும் ஆசிரியர் விடையை முன்னே கூறாமல் வினாவை முன்னே வைக்கவேண்டும். கல்லை மட்டும் காட்டாமல் கல் கிடந்த சரிவையும் காட்டவேண்டும். படத்தில் கல்லின் அருகே அளவுகோல் ஒன்று, அஃது இல்லையேல் ஒரு நாணயம், இருத்தல் வேண்டும். அளவு தெரியாத படத்தில் கடுகும் கலமும் ஒன்றாகவே தோன்றும். எடுத்த இடமும் நாளும் திசையும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவை இருப்பின் திரை ஒரு களமாகும். இல்லையேல் அது வேடிக்கையாகவே நின்றுவிடும்.

இப்பணி விரைந்து செய்யத்தக்கது என்பதற்கும் காரணம் உண்டு. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல், சிமிட்டித் தொழிலின் உயிர். அங்கே சிமிட்டி ஆலைகள் பல உள்ளன. அரசின் சிமிட்டி ஆலையும் 1979 முதல் இயங்கி வருகின்றது. வீடும் பாலமும் பள்ளியும் எழ அக்கல் உதவுகின்றது. பல குடும்பங்கள் அதனால் உண்கின்றன. கல் வெட்டும் குழிகளே புதைந்து கிடந்த அடுக்குகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன என்பதும் உண்மை. ஆயினும், வெட்டப்பட்ட கல் உலையிற் புகுந்தபின் அதிலிருந்த சிப்பியின் வரலாறு நீறாகிவிடுகின்றது. மற்றொரு புறம், பார்க்க வருவோர் நினைவுக்கென்று ஆளுக்கொரு கல்லை எடுத்துச் செல்கின்றனர். ஒருவர் எடுப்பது சிறிது. ஆயிரவர் எடுத்தால் மேடு வெறுமையாகும். மரம் வெட்டினால் மீண்டும் நடலாம். கோடி ஆண்டில் அமைந்த படிவத்தை மீண்டும் விளைவிக்க எவராலும் இயலாது. போனவை போக, இருப்பனவற்றையேனும் உள்ள இடத்திலேயே அளந்து, படமெடுத்து, குறித்துவைத்தால், பின்வரும் பிள்ளைகளுக்கு அது பயன்படும். கல் அகன்ற இடத்தில் படமே சாட்சியாய் நிற்கும்.

அவ்வாறு குறித்துவைக்கத் தக்கவர் யார்? தலைநகரிலிருந்து வரும் அறிஞர்கள் சில நாள் தங்கிச் செல்வர். மழைக்குப் பின் எந்த ஓடைக்கரை சரிந்தது, எந்தக் கிணறு தோண்டியபோது சிப்பிக் கல் வந்தது, எந்த வரப்பில் சுருள்கல் கிடந்தது என்பவற்றை அறிந்தோர் அவ்வூர் மக்களே, அவர்தம் பிள்ளைகளே. ஆகவே, குன்னத்திலும் ஆலத்தூரிலும் செந்துறையிலும் பயிலும் மாணவர்கள், மெய்நிகர் களப்பயணத்தைக் காண்போராக மட்டும் இருத்தல் போதாது; அதனை ஆக்குவோராகவும் ஆதல் வேண்டும். கல்லை அதன் இடத்தினின்று பெயர்க்காமல், உரியவரின் இசைவுடனும் ஆசிரியரின் துணையுடனும், ஒரு கைப்பேசியும் ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் கொண்டு இதனைத் தொடங்கலாம். அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில் தொல்லுயிர்ப் படிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் அமைந்துள்ளது. ஐயம் தோன்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது துணைசெய்யும்.

அப்பொழுது கொடுக்கல் வாங்கலும் நிறைவுபெறும். அரியலூர் மாணவர் தம் தொல்கடலை நீலகிரி மாணவர்க்குத் திரையிற் காட்டுவர். நீலகிரி மாணவர் தம் சோலைக் காட்டை இவர்க்குக் காட்டுவர். இராமேசுவரத்து மாணவர் தம் பவளப் பாறையை இருவர்க்கும் காட்டுவர். பவளப் பாறையைக் கண்ட அரியலூர் மாணவி, தன் ஊர்ச் சிப்பிக் கல்லை மீண்டும் ஒருமுறை உற்று நோக்குவாள். உயிருள்ள கடலைக் கண்ட கண்ணுக்கு, கல்லான கடல் மேலும் தெளிவாகத் தோன்றும். தொலைவிலுள்ளதைக் கண்டு தன் காலடியிலுள்ளதை அறிவதே எந்தப் பயணத்திற்கும் பயனாகும்.

சாத்தனூரில் திரைகடல் பின்வாங்கிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அக்கடலில் மிதந்து வந்த மரம் கல்லாகிக் காத்திருந்தது. அதனைக் கடந்து சென்றோர் எண்ணிலர். நின்று வினவியோர் மிகச் சிலர். இனி உலகின் எப்பகுதியிலிருந்தும் திரையின் வழியே அம்மரத்தைக் காணும் நாள் வரலாம். அவ்வாறு காண்போருள் ஒரு மாணவனேனும், ஒரு மாணவியேனும், திரையை அணைத்துவிட்டுத் தன் ஊர் ஓடைக்கரைக்குச் சென்று, அங்கே கிடக்கும் ஒரு கல்லைக் குனிந்து நோக்கி, “இஃது எங்கிருந்து வந்தது?” என்று கேட்பின், அம்மரம் காத்திருந்தது வீண்போகாது.